நீறு பூத்த டகோட்டா

பிளாஸ்ரிக் மொடல் விமானத்துக்கு சில்வர் பெயின்ற் அடித்து முடித்து, பெயின்ற் தெளிக்கும் எயார்பிரஷ்ஷைக் கழுவி வைத்து, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்து, மூடி வைத்த பேசினைத் தூக்கினேன். டகோட்டா உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு நின்றது. இருபது நிமிடத்துக்கு முன் முகம் பார்க்கலாம் போல மினுங்கிய இறக்கை இப்போது கேத்திலின் உள்பக்கம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தவர்களுக்கு அந்த வெண்மை தெரியும். விரலால் தொட்டுப் பார்த்தேன். தொடக்கூடாது, ஆனாலும் தொட்டேன். பூச்சு காய்ந்துதான் இருந்தது. வெண்மை மேலே படிந்த தூசியல்ல, பூச்சுக்குள்ளேயே இருந்தது. வெளியே கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

டகோட்டா என்பது இரண்டு எஞ்சின் வைத்த பழைய காலத்து விமானம். ஏன் டகோட்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு படம் காட்டுவேன். கனடாவில் இருக்கும் மாமா வாட்ஸப்பில் அனுப்பியது, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அரைக் காற்சட்டையோடு எட்டு வயது மாமா, பக்கத்தில் வேட்டியோடு அம்மப்பா, பின்னால் ஒரு விமானத்தின் கதவு, படிக்கட்டு, வால். எங்கள் வீட்டு அல்பங்கள் இடப்பெயர்வோடு போய்விட்டன. இந்த ஒரு படம் அதற்கு முன்பே யாரோ கடிதத்துக்குள் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியதால் தப்பியது.

அந்தக் காலத்து இலங்கை விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் சேவை 1947 டிசெம்பர் 10 அன்று தொடங்கியது. இரத்மலானையில் எழும்பி, காங்கேசன்துறையில் இறங்கி, மதராஸ் போன ஒரு டகோட்டா. காங்கேசன்துறை என்றால் துறைமுகம் இல்லை, பலாலி ஓடுபாதைதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட பாதை அது. இப்போது அங்கே சென்னையில் இருந்து ஏ.ரி.ஆர். 72 என்ற பயணிகள் விமானம் வருகிறது. தெல்லிப்பளையில் எங்கள் முற்றத்தில் நின்றால் அது பதிந்து போவது தெரியும். அதைச் செய்திருக்கலாம், ஆனால் மாமாவின் பின்னால் நிற்பது டகோட்டா.

மொடல் பெட்டி லண்டனில் இருந்து வந்த மச்சானின் சூட்கேசில் வந்தது. 1/72 அளவு, பழைய அச்சு. இந்த அளவைத் தெரியாதவர்களுக்கு: ஆறடி மனிதன் ஒரு அங்குலம். 29 மீற்றர் இறக்கை மேசையில் 40 சென்ரிமீற்றர் ஆகிவிடும். பெட்டி வந்தது, பெயின்ற் வரவில்லை. தீப்பற்றும் பெயின்ற்றையும் தின்னரையும் விமானப் பொதியில் கொண்டுவர விடமாட்டார்கள். விமானத்துக்குப் பூச வேண்டியது விமானத்தில் ஏறாது. ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் வெளிநாட்டுக்காரர்கள் போத்தல் நம்பர் சொல்லி வாங்குவதை எல்லாம் நான் ஸ்ரான்லி வீதிப் பக்கத்து வாகனப் பெயின்ற் கடையிலும், ஹாட்வெயாரிலும், குசினியிலும் தேடினேன்.

முதல் வேலை குசினியில்தான். பாகங்களை, அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்ரிக் சட்டத்தோடு சேர்த்துப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவிக் காயவிட வேண்டும். அச்சில் இருந்து பிளாஸ்ரிக் கழன்று வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் பெயின்ற் பின்னால் உரியும். பிறகு கட்டரால் வெட்டி, வெட்டிய காம்பை பிளேட்டால் சீவி, ஒட்டல். பிளாஸ்ரிக் மொடலுக்கான ஒட்டு மற்றப் பசை மாதிரி நடுவில் இருந்து இரண்டையும் பிடித்துக்கொள்வதில்லை. மொடல் செய்த பிளாஸ்ரிக்கான பொலிஸ்ரைரினையே இளக்கி, இரண்டு விளிம்பையும் ஒன்றாக உருக்கிவிடும். பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, விளிம்பில் தூரிகை நுனியை வைத்தால் போதும், வெடிப்புக்குள் தானே ஓடிப் பரவும். அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே இரண்டு மொடல் செய்யலாம்.

அந்த ஒட்டு ஒரு போத்தல்தான் கையில் இருந்தது. மிச்சம் பிடிக்க நினைத்து, பயணிகள் யன்னல்களுக்கு சூப்பர் குளூ தொட்டேன். அங்கேதான் முதல் அடி. சூப்பர் குளூ இறுகுவதே காற்றில் உள்ள ஈரத்தால். இறுகும்போது கிளம்பும் ஆவி பக்கத்தில் இருக்கும் கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். ஐப்பசிப் புழுக்கத்தில், உடலின் இரண்டு பாதியையும் ஒட்டி மூடிய பிறகு, அடுத்த நாள் காலை பார்த்தால் எல்லா யன்னலும் பனி பிடித்த பஸ் யன்னல். உள்ளே விரல் போகாது. ஒரு ஊசியால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி விழுத்தினேன். இப்போதும் மொடலைக் குலுக்கினால் கிலுகிலுக்கும். பெறாமகள் அதைப் பயணிகள் என்கிறாள்.

யன்னல் ஓட்டைகளை மூடியது பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசை. ஈர்க்கு நுனியில் கொஞ்சம் எடுத்து, ஓட்டையின் விளிம்பைச் சுற்றித் தடவி, அப்படியே குறுக்கே இழுத்தால் சவர்க்காரக் குமிழ் மாதிரி ஒரு தோல் விரியும். வெள்ளையாக இருப்பது காயக் காயத் தெளியும். வெயில் காலத்தில் ஒரு நாள் போதும், எனக்கு நாலு நாள் எடுத்தது. இது மட்டும்தான் மழைக்குள்ளும் பொறுமையாக இருந்தால் சரிவந்த வேலை. பெரிய யன்னலுக்கு இந்த வித்தை வேலை செய்யாது, தோல் கிழியும். விமானியின் முன்கண்ணாடிக்குப் பெட்டியில் வந்த துண்டுதான்.

டகோட்டாவின் இறக்கையில் நடுத்துண்டு மட்டமாக இருக்கும். எஞ்சினுக்கு வெளியேதான் அது பின்னால் சாய்ந்து மேலே எழும்புகிறது. அந்த எழும்பல் இரண்டு பக்கமும் ஒன்றாக வராவிட்டால் தூரத்தில் இருந்து பார்த்தாலே நொண்டும். நுனிகளுக்குக் கீழே ஒரே உயரத்துக்குத் தீப்பெட்டிகளை அடுக்கி இரவிரவாக விட்டேன். உயரம் சரிவந்தது, இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் நகம் போகும் அளவுக்கு இடைவெளி வந்தது.

இடைவெளியை அடைக்க யோகட் கப். கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பொலிஸ்ரைரின், மொடலும் அதே சாமான்தான். பெரிய வெடிப்புக்குக் கப்பில் இருந்து மெல்லிய கீற்று வெட்டிச் செருகினேன். சின்ன வெடிப்புக்கு, பாகங்கள் வந்த சட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டில் ஊறவைத்தேன். ஒரு நாளில் கூழாகும். அதைப் பூசினால் காய்ந்த பிறகு அதுவும் பிளாஸ்ரிக்கே, அரத்தாள் போடும்போது பக்கத்துப் பிளாஸ்ரிக்கோடு ஒரே மாதிரித் தேயும். வாகனப் பள்ளங்களை நிரப்பும் கராஜ் பட்டி இவ்வளவு மெல்லிய விளிம்பில் பொரிந்து விழுகிறது, முயன்று பார்த்துத்தான் சொல்கிறேன்.

பிறகு வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் அரத்தாள். சொரசொரப்பில் இருந்து மென்மைக்கு 400, 800, 1200, 2000. இந்த வரிசையில் ஒரு இலக்கத்தைத் தாண்டினால் சில்வர் காட்டிக்கொடுக்கும். பச்சையும் மண்ணிறமுமான போர் விமானம் செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, மங்கிய நிறம் எல்லாக் கீறலையும் மூடிவிடும். சில்வர் எதையும் மூடாது. ஒட்டிய கோடு, விரல் ரேகை, மேசையில் வைத்த இடத்தில் ஒரு மணல் அழுத்திய புள்ளி என்று இருக்கிற குறை எல்லாவற்றையும் ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். இரண்டு கிழமை தேய்த்தேன். வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சி பார்க்கும் நேரம் நான் ஒரு கோப்பைத் தண்ணீரோடு மூலையில் இருந்து தேய்ப்பேன். அம்மா ஒரு நாள் கேட்டா, "உதைத் தேய்ச்சுத் தேய்ச்சு இல்லாமல் ஆக்கப் போறியோ?"

வாகனங்களுக்கு அடிப்பூச்சாக அடிக்கும் பிரைமர் ஸ்பிரே பேணியை நேரே மொடலுக்கு அடிக்கத் துணிவில்லை. முதலில் யோகட் கப்பில் அடித்தேன். கிட்டப் பிடித்து ஒரே மூச்சில் அடித்த பக்கம் கோடையில் காய்ந்த குளம் மாதிரி வெடித்துச் சுருங்கியது. அந்தத் தின்னருக்கு பொலிஸ்ரைரினை அரிக்கும் வல்லமை இருக்கிறது. இரண்டாவது கப்பில் ஒரு அடி தூரத்தில் இருந்து, தூறல் மாதிரி, ஒவ்வொரு தூறலுக்கும் நடுவில் பத்து நிமிடம் விட்டு அடித்தேன். தின்னர் பிளாஸ்ரிக்கைத் தொடுமுன்பே பாதி காற்றில் போய்விடுகிறது. கப் தப்பியது. மொடலுக்கும் அப்படியே ஐந்து தூறல். வாயையும் மூக்கையும் மூடாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். துணி மாஸ்க் காணாது, கராஜில் போடுகிற கரி வடிகட்டி வைத்தது வேண்டும்.

சில்வரில் இன்னொரு சங்கதி. முதலில் வாங்கிய சில்வர் ஏதோ ஒரு காருக்குக் கலந்த மிச்சம். யோகட் கப்பில் அடித்துப் பார்த்தால் திருவிழாக் காவடி மாதிரி மினுக்கம். கணக்குப் பார்த்தேன். பெயின்ற்றில் உள்ள அலுமினியத் துகள் 0.03 மில்லிமீற்றர் என்று வைத்தால்கூட, 72 மடங்கில் 2 மில்லிமீற்றருக்கு மேல். உண்மையான விமானத்தில் கற்கண்டு ஒட்டிவைத்த மாதிரி. கடையில் கலந்து கொடுக்கிற அண்ணையிடம் கப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, யோகட் கப்புக்கு சில்வர் அடிக்கிறீரோ?"

விளக்கிச் சொன்னேன். சிரிக்கவில்லை. உள்ளே போய் இரண்டு பேணியைக் கொண்டுவந்து, சில்வரில் மா மாதிரி அரைத்தது ஒன்று, குறுணி மாதிரி ஒன்று இருக்கிறது என்று காட்டினார். ஃபைன் சில்வர் என்று கேட்க வேண்டுமாம். நூறு மில்லிலீற்றர் ஊற்றித் தந்தார், கராஜ்காரர் கேட்கும் அளவில் அது துடைத்து எறிகிற அளவு. வெளிக்கிடும்போது ஏதோ சொன்னார், மழை இரைச்சலில் நான் சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மொடலைத் தூக்கிப் பிடித்து அடிக்க ஒரு தாங்கி வேண்டும். ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டி எஞ்சின் ஓட்டைகளுக்குள் செருகி, மறுமுனையை வாழைக்குற்றியில் குத்தினேன். சின்னப் பாகங்களுக்கு முதலில் ரெஜிஃபோம் (பொதிகளுக்குள் வரும் வெள்ளை நுரைப் பலகை) துண்டில் குத்திப் பார்த்தேன், தின்னர் பட்ட இடமெல்லாம் அது கரைந்து குழி விழுந்தது. அதனால்தான் வாழைக்குற்றி. கொல்லையில் சும்மா கிடந்தது, ஈர்க்கு அசையாமல் நிற்கிறது, தின்னருக்கும் பயப்படாது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அடித்தவுடன் தூசி விழாமல் இருக்க எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேசினால் மூடினேன்.

அடுத்த நாள் கடைக்குப் போய் நீறு பூத்த இறக்கையைக் காட்டினேன். அண்ணை ஒரே பார்வையில் சொன்னார்:

"மழைக்குள்ள அடிச்சனீரோ? நான் சொன்னனான் எல்லே."

விஷயம் இதுதான். நான் அடித்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ற்றின் தின்னர் மிகக் கெதியாக ஆவியாகும். ஆவியாகும்போது பூசிய பரப்பைக் குளிரவைக்கும், ஸ்பிரிட் தொட்ட கை குளிர்வது போல. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிரில் அது நுண்ணிய நீர்த்துளியாகப் பூச்சிலேயே இறங்கும். பூச்சு இறுகும்போது துளிகள் உள்ளே சிக்கி வெள்ளையாகத் தெரியும். நான் செய்ததோ, கார்த்திகை மழையில் அடித்து, ஈரம் சொட்டும் வாழைக்குற்றியையும் மொடலையும் ஒரு பேசினுக்குள் பூட்டி வைத்தது. புட்டுப் பானைக்குள் வைத்தது போலத்தான். வாழைக்குற்றி என்றதும்தான் அண்ணைக்குச் சிரிப்பு வந்தது.

பூச்சைக் கழற்ற வேண்டாம் என்றார். தை பிறக்கட்டும், வெயில் ஏறின பிறகு, மெதுவாகக் காயும் ரிட்டார்டர் கலந்த தின்னரை மட்டும் ஒரு தூறல் அடித்தால் பூச்சு கொஞ்சம் இளகி ஈரத்தை விட்டுவிடும், பிறகு மேலே மெல்லியதாக சில்வர். "மார்கழி முழுக்க அதை அலுமாரியிலை வையும்." வைத்தேன். அந்த இடைவெளியில் பிரோப்பெல்லர்களை முடித்தேன்: மூன்று தகடு, கறுப்பு, நுனியில் மஞ்சள். எஞ்சினுக்கு 14 சிலிண்டர், இரண்டு வரிசையாக. எண்ணிப் பார்க்கிறவர்கள் இருப்பார்கள்.

பொங்கல் முடிந்த கிழமை வாடை காய்ந்து வீசியது. காலை 11 மணி, முற்றத்து மணல் சுடத் தொடங்கிய நேரம். இந்த முறை தாங்கி, பால்மாப் பேணி நிறையக் காய்ந்த மணல். மேலே எங்கோ ஒரு எட்டுமூலைப் பட்டத்தின் விண் கூவிக்கொண்டிருந்தது. தின்னரைத் தனியே ஒரு தூறல் விட்டேன். வலது இறக்கையின் நுனியில் இருந்து வெண்மை பின்வாங்குவதைக் கண்ணால் பார்த்தேன். ஈரத் துணியால் சிலேட் துடைத்தது போல, ஆனால் யாரும் தொடவில்லை. உடலுக்கு இரண்டு தரம் வேண்டியிருந்தது. வால் அடியில் ஒரு சின்ன இடம் இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது, கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். கவிழ்த்துப் பார்க்கக் கொடுப்பதில்லை.

சில்வர் சரியாக வந்த பிறகு முழு விமானமும் ஒரே பாத்திரக்கடைச் சாமான் மாதிரி இருந்தது. எதுவோ பிழை. மாமாவின் படத்தை ஃபோனில் பெரிதாக்கினேன். உடல் பளபளக்கிறது, வாலின் பின்பக்கம், திரும்புகிற சுக்கான் பகுதி மட்டும் மங்கலாக, கோடு கிழித்தது மாதிரி வேறாக நிற்கிறது. பழைய படம், வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இல்லை. டகோட்டாவின் சுக்கானும், வாலில் மேல் கீழ் அசையும் மடலும், இறக்கை நுனியில் உள்ள அசையும் மடலும் உலோகமே அல்ல, துணி. சட்டத்துக்கு மேல் துணியை இழுத்துக் கட்டி, அலுமினியத் தூள் கலந்த பூச்சு பூசியது. பட்டம் ஒட்டுகிற வேலைதான், கடதாசிக்குப் பதில் துணி. அந்தப் பகுதிகளை விட்டு மற்றதை மறைத்து, சில்வரில் ஒரு துளி வெள்ளையும் அரைத் துளி கறுப்பும் கலந்து, மேலே மட் வார்னிஷ் அடித்தேன். மறைக்கும் ரேப்பை முதலில் முழங்கையில் இரண்டு தரம் ஒட்டி உரித்துப் பசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கழற்றும்போது சில்வரும் கூட வரும். ரேப்பைக் கழற்றினேன். பாத்திரக்கடை போய் விமானம் வந்தது.

எழுத்துக்கு டெக்கால், தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் அச்சுப் படலம். பெட்டியில் இருந்தவை இராணுவ அடையாளங்கள், வேண்டாம். படத்தில் எழுத்து கடும் நிறமாகத் தெரிவதால் கறுப்பில் வடிவமைத்து, தெளிந்த டெக்கால் தாளில் ஒரு பிரின்ற் கடையில் லேசரில் அடித்தேன். தாள் மச்சானின் அடுத்த சூட்கேசில் வந்தது, அதற்குத் தடை இல்லை. தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும்போது கிணற்றுத் தண்ணீர் பாவித்தால் காய்ந்த இடமெல்லாம் சுண்ணாம்பு வளையம் விழும். மழையில் பிடித்து வைத்த ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது. கார்த்திகை மழை எனக்குச் செய்த ஒரே உபகாரம். மேடு பள்ளத்தில் எழுத்து படிய வினாகிரி ஒரு சொட்டு. துணிப் பகுதியின் மட் பரப்பில் ஒட்டுவதானால் முதலில் நிறமில்லாத கிளியர் வார்னிஷ் அடித்து வழவழப்பாக்க வேண்டும். சொரசொரப்பில் காற்று சிக்கினால் எழுத்தைச் சுற்றி வெளிறிய தோல் தெரியும். நான் அங்கே ஒன்றும் ஒட்டவில்லை.

அன்ரெனாக் கம்பிக்குத் தங்கூசி, அதாவது தூண்டில் நைலோன் நூல், நல்லது என்று நினைத்தேன். கிடைத்த மெல்லியது 0.2 மில்லிமீற்றர். 72 மடங்கில் 14 மில்லிமீற்றர், உடுப்புக் காயப்போடும் கயிறு. ஆகவே பாகச் சட்டத்தின் ஒரு துண்டை விளக்குச் சுடருக்கு மேல் உருட்டி, இளகியதும் இரண்டு பக்கமும் இழுத்தேன். தலைமயிரை விட மெல்லிய நூல் வரும். பத்துத் தரம் இழுத்தால் இரண்டு தரம் சரிவரும். அதே விளக்குச் சிமினியின் கரியை உலர்ந்த தூரிகையில் தொட்டு, எஞ்சினுக்குப் பின்னால் இறக்கையின் அடியில் புகைத் தடமாகத் தேய்த்தேன். கடையில் விற்கிற எந்தத் தூளும் இப்படிப் பிடிக்காது என்பது என் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, விமானத்தைக் கமெராவுக்கு முன்னால் மெதுவாகச் சுற்றினேன். சுக்கானைக் காட்டினேன். யன்னல்களைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். நல்ல நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எல்லாம் சரி," என்றார். "படி எங்கை?"

பெட்டியில் படிக்கட்டு இல்லை. படத்தில் மாமா நிற்பது அதன் பக்கத்தில்தான், ஒரு கை கம்பியில். எத்தனை படி என்று கேட்டேன். எண்ணிச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். எட்டு வயதுப் பெடியனை நாலடி என்று எடுத்தால் 17 மில்லிமீற்றர். யோகட் கப் ஒன்று கழுவிக் காயப்போட்டிருக்கிறேன்.